ஒரே கொல்லையில் கோழி, வாத்து, வான்கோழி: தீவனம் கலக்கும் வழி

தீவனக் கடையில் போய் நின்று, "கோழி, வாத்து, கினி எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தீவனமா குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் முட்டையிடும் கோழிக்கான லேயர் மூட்டையைத்தான் எடுத்துப் போடுவார். அவர் மேல் தவறு இல்லை. ஒரே வயது, ஒரே இனக் கோழிகள் ஆயிரக்கணக்கில் நிற்கும் நாமக்கல் பண்ணைகளை மனத்தில் வைத்துத்தான் ஆலைகள் தீவனம் அரைக்கின்றன. குஞ்சுக்கு ஒன்று, வளரும் கோழிக்கு ஒன்று, முட்டையிடும் கோழிக்கு ஒன்று. அங்கே அந்தக் கணக்கு சரி. புதுச்சேரியின் முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ வில்லியனூர் பக்கமோ ஒரு வீட்டுக் கொல்லையில் எட்டு நாட்டுக்கோழி, ஒரு சேவல், நான்கு வாத்து, இரண்டு கினிக்கோழி, ஒரு ஜோடி வான்கோழி, போன வாரம் பொரித்த பத்துக் குஞ்சு என்று சேர்ந்து மேய்கிற இடத்தில் அது சரிவராது.

இப்படிப்பட்ட கலப்புக் கூட்டத்துக்குத் தீவனத்தை வீட்டிலேயே கலந்துகொள்ளலாம். கடினமான வேலை இல்லை. ஆனால் எல்லாப் பறவைக்கும் பொருந்துகிற ஒரே கலவையைத் தேடக் கூடாது, அப்படி ஒன்று கிடையாது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே உலையில்தான் சோறு வடிக்கிறோம். குழந்தைக்குப் பருப்பும் நெய்யும், சர்க்கரை உள்ளவருக்குச் சோறு குறைத்துக் காய் கூடுதல் என்று தட்டில்தான் மாறுகிறது. பறவைக்கும் அதே முறைதான். அடிப்படைக் கலவை ஒன்று, அது எல்லாருக்கும். சிலருக்கு மட்டும் வேண்டியது தனிக் கிண்ணத்தில்.

தனிக் கிண்ணத்துக்குப் போகவேண்டிய முதல் பொருள் சுண்ணாம்புச் சத்து. இதில் செய்கிற தவறு கலப்புக் கூட்டத்தில் உயிர்களை வாங்கிவிடும் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒரு முட்டை ஓட்டின் எடை 5 முதல் 6 கிராம். அதில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம். தின்பதில் பாதியைத்தான் கோழியின் உடம்பு எடுத்துக்கொள்ளும் என்பதால், முட்டையிடும் நாளில் அதற்குச் சுமார் 4 கிராம் கால்சியம் உள்ளே போக வேண்டும். அதனால்தான் லேயர் தீவனத்தில் 3 முதல் 3.5 சதவீதம் கால்சியம் இருக்கும். வளரும் குஞ்சுக்குத் தேவை 1 சதவீதம். மூன்று மடங்கு கால்சியம் உள்ள தீவனத்தை வாரக்கணக்கில் தின்றால் குஞ்சின் சிறுநீரகம் பழுதாகும். வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உடம்புக்குள்ளேயே தங்கி, ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படியும். வெளியிலிருந்து பார்த்தால் குஞ்சு சோர்ந்து நிற்பது மட்டும்தான் தெரியும். நோய் வந்து செத்தது என்று நினைத்துப் புதைத்துவிடுவோம்.

எனவே லேயர் மூட்டையைப் பொதுத் தீவனமாக வைக்காதீர்கள். பொதுக் கலவையில் கால்சியம் 1 சதவீத அளவிலேயே இருக்கட்டும். முட்டையிடும் பெட்டைகளுக்குக் கிளிஞ்சலை உடைத்துத் தனிச் சட்டியில் வையுங்கள். தேவைப்பட்டது மட்டும் வந்து கொத்தும், சேவலும் குஞ்சும் ஒன்றிரண்டு கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். அதற்கு முன்னால், சாயங்கால வேளையில், பெட்டைகள் கிளிஞ்சல் சட்டியைத் தேடிப் போவதை நீங்களே கவனிக்கலாம். புதுச்சேரியின் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவரைக் கோழி கொத்திக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோழிக்குக் கிளிஞ்சல் போதவில்லை என்று பொருள். கடலோரத்தில் இருக்கும் நமக்குக் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. நன்றாகக் கழுவி உப்பை நீக்கிக் காயவைத்து, மிளகளவுக்கு உடைத்தால் போதும். தூளாக்க வேண்டாம். பெரிய துண்டு இரைப்பையில் மெல்லக் கரைந்து இரவு முழுக்கச் சத்துக் கொடுக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பையோ வெள்ளையடிக்கும் சுண்ணாம்பையோ வைத்துவிடாதீர்கள், அது வாயையும் குடலையும் வேகவைத்துவிடும்.

கலவையின் உள்ளே

இனி அடிப்படைக் கலவை. அதில் இருக்கவேண்டியவை மூன்று: தெம்பு தரும் தானியம், உடம்பு வளர்க்கும் புரதம், சிறிதளவு உப்பும் தாதுவும்.

தானியத்தில் மக்காச்சோளம் முதலிடம். புரதம் 9 சதவீதம்தான், ஆனால் தெம்பு அதிகம், நார் குறைவு. மஞ்சள் மக்காச்சோளம் முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறமும் தரும். கம்பில் புரதம் 11 சதவீதம் வரை இருக்கும், பறவைகளும் விரும்பித் தின்னும். அரிசிக் குருணை மலிவாகக் கிடைத்தால் ஒரு பகுதி சேர்க்கலாம். குருணையை மட்டுமே நம்பக் கூடாது. இதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே கோழிதான். 1890-களில் ஜாவாத் தீவின் பட்டேவியாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன், தம் ஆய்வகக் கோழிகள் கால் இழுத்து விழுவதைக் கண்டார். ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத்தான் அவை தின்றுவந்தன. புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்துச் சோற்றைக் கோழிக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகளுக்குத் தீட்டாத அரிசி போனது, அவை எழுந்து நடந்தன. தவிட்டில் இருந்த சத்துதான் காரணம். அதை இன்று தயமின், அதாவது பி1 வைட்டமின் என்கிறோம். எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. மிஞ்சிய சோற்றையே கொட்டி வளர்த்த வீட்டுக்கோழி தளர்ந்து உட்கார்ந்தால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தவிடும் கலவைக்கு வேண்டும். புரதம் 12 சதவீதம் இருக்கும், பி வகை வைட்டமின்கள் நிறைய. ஆனால் பச்சரிசித் தவிட்டில் உள்ள எண்ணெய் சில நாளிலேயே சிக்குப் பிடித்துவிடும். புழுங்கல் அரிசித் தவிடு அவிந்த நெல்லிலிருந்து வருவதால் அதைவிட நாள் தாங்கும். வாங்கும்போது ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உமி கலந்திருந்தால் மேலே மிதக்கும்.

புரதத்துக்கு வருவோம். சோயாப் பிண்ணாக்கு 45 சதவீதம், கடலைப் பிண்ணாக்கு 40 முதல் 45 சதவீதம், கருவாட்டுத் தூள் 45 முதல் 50 சதவீதம் என்று புரதம் கொண்டவை. மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதானே, எது மலிவோ அதையே போட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. புரதம் என்பது ஒரே பொருள் இல்லை, பல அமினோ அமிலங்களின் கூட்டு. ஒன்று குறைந்தால் மற்றவை எவ்வளவு இருந்தும் பயன்படாது. உளுந்து குறைந்துபோனால் எத்தனை படி அரிசி போட்டு ஆட்டினாலும் இட்லி எழும்பாது அல்லவா, அதுபோல. கடலைப் பிண்ணாக்கில் லைசின், மெத்தியோனின் இரண்டும் குறைவு. சோயாவில் லைசின் உண்டு, மெத்தியோனின் போதாது. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் நிறைய, லைசின் குறைவு. கருவாட்டில் இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்படி இரண்டு மூன்றைச் சேர்ப்பதுதான் முறை. மெத்தியோனின் போதாத கூட்டத்தில் இறகு சீராக முளைக்காது, ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்னும். பயன்படாத புரதம் எச்சத்தில் யூரிக் அமிலமாக வெளியேறி, கூண்டில் மூக்கைப் பிடிக்கும் அம்மோனியா நெடியாக மாறும்.

சோயாவில் ஒரு எச்சரிக்கை. ஆலையில் எண்ணெய் எடுத்து வாட்டிய பிண்ணாக்கு பாதுகாப்பானது. பச்சைச் சோயாமொச்சையை அப்படியே உடைத்துப் போட்டால், அதிலுள்ள ஒரு பொருள் புரதம் செரிப்பதையே தடுத்துவிடும். ஆமணக்குப் பிண்ணாக்கு நஞ்சு, வேப்பம் பிண்ணாக்கு எருவுக்குத்தான். தோட்டத்துக்கு வாங்கி வைத்த மூட்டை தீவன மூட்டைக்குப் பக்கத்திலேயே இருந்து, அவசரத்தில் கை மாறிவிடக் கூடாது.

கருவாடு நமக்குப் பெரிய வசதி. தேங்காய்த்திட்டுத் துறைமுகமும் வீராம்பட்டினமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஆனால் உப்புப் போட்டு உலர்த்திய கருவாடு வேண்டாம், உப்பிடாமல் வெயிலில் காய்ந்த பொடிமீன்தான் வேண்டும். குஞ்சுகளுக்கும் வாத்துக்கும் உப்பு கொஞ்சம் கூடினாலும் தாங்காது. தண்ணீரையே குடித்துக்கொண்டு வயிறு வீங்கும், கழிச்சல் வரும், சாகவும் செய்யும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் கருவாடு என்றால் கலவையில் தனியாக உப்பே சேர்க்காதீர்கள், கருவாட்டின் அளவையும் பாதியாக்குங்கள்.

இனி அளவு. பத்துக் கிலோ கலவைக்கு: உடைத்த மக்காச்சோளம் 4.5 கிலோ, உடைத்த கம்பு 1.2 கிலோ, தவிடு 1.5 கிலோ, சோயாப் பிண்ணாக்கு 1.5 கிலோ, கடலைப் பிண்ணாக்கு அரை கிலோ, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் அரை கிலோ, கோழிகளுக்கான தாது உப்புக் கலவை 250 கிராம், சமையல் உப்பு 50 கிராம். கூட்டிப் பார்த்தால் சரியாகப் பத்துக் கிலோ வரும். இதில் புரதம் 18 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வளர்ந்த கோழி, சேவல், வாத்து, கினி, வளர்ந்த வான்கோழி எல்லாவற்றுக்கும் இது ஒத்துவரும். தாது உப்புக் கலவை வாங்கும்போது மாட்டுக்கானதை வாங்கிவிடாதீர்கள், அதன் கணக்கு வேறு. வெளியே மேயாமல் அடைபட்டே இருக்கும் பறவைகளுக்கு வைட்டமின் கலவையும் தேவை. அதன் அளவு உறையிலேயே போட்டிருக்கும்.

கடையில் கம்பு இல்லை, விலை ஏறிவிட்டது, வேறு பிண்ணாக்குதான் இருக்கிறது என்று ஆகும்போது அளவை நீங்களே மாற்றிப் போடத் தெரிய வேண்டும். அதற்குப் பியர்சன் சதுரம் என்ற எளிய கணக்கு இருக்கிறது. தானியமும் தவிடும் சேர்ந்த பகுதியில் புரதம் சராசரி 10 என்று வையுங்கள். பிண்ணாக்கும் கருவாடும் சேர்ந்த பகுதியில் 44. நமக்கு வேண்டியது 18. 44-இலிருந்து 18-ஐக் கழித்தால் 26, அது தானியத்தின் பங்கு. 18-இலிருந்து 10-ஐக் கழித்தால் 8, அது பிண்ணாக்கின் பங்கு. ஆக 34 பங்கில் 26 தானியம், 8 பிண்ணாக்கு. பத்துக் கிலோவுக்குத் தோராயமாக ஏழே முக்கால் கிலோவுக்கு இரண்டேகால் கிலோ. தாது உப்புக்கு இடம் விட்டுக் கொஞ்சம் சரிசெய்தால் மேலே சொன்ன அளவு வந்துவிடும்.

குஞ்சுக்கும் வாத்துக்கும் வான்கோழிக்கும்

கோழிக்குஞ்சுக்கு முதல் ஆறு, எட்டு வாரம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் புரதம் வேண்டும். தனியாகக் கலக்க வேண்டியதில்லை. அடிப்படைக் கலவை ஒரு கிலோவில் 50 கிராம் சோயாவும் 50 கிராம் கருவாட்டுத் தூளும் கூடுதலாகச் சேர்த்து, சன்னமாகப் பொடித்தால் 21 சதவீதம் வந்துவிடும். பெரிய கோழிகள் வந்து அதைக் காலி செய்துவிடுமே என்றால், நம் பாட்டிகள் வைத்திருந்த பஞ்சாரம் எதற்கு? குஞ்சுகளைத் தீவனத்தோடு உள்ளே விட்டுக் கவிழ்த்துவிடலாம். அல்லது பஞ்சாரத்தைக் குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்குக் கல் வைத்துத் தூக்கிவிட்டால், அவையே போய்த் தின்று வெளியே வரும். கரையான் பிடித்துக் கொடுப்பதும் பழைய வழி. பானையில் வைக்கோலும் சாணமும் ஈரமாக அடைத்து, கரையான் உள்ள மண்ணில் மாலையில் கவிழ்த்தால் காலையில் நிறைந்திருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல புரதம் கிடைப்பது அரிது.

வான்கோழிக் குஞ்சுக்குத் தேவை இதற்கும் மேலே, 28 சதவீதம். அதற்குக் கண்பார்வை மந்தம், தீவனத்தைத் தேடிப் போகத் தெரியாது. முதல் பதினைந்து நாள் பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டையைப் பொடித்துக் கொடுப்பதும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்து வைப்பதும் நம் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வழி. கினிக் குஞ்சுக்கும் புரதம் 24 சதவீத அளவில் வேண்டும். கருவாடு, அவித்த முட்டை, கரையான் மூன்றும் அதற்கும் ஏற்றவை.

வான்கோழியும் கோழியும் ஒரே மண்ணில் மேய்வதில் தீவனத்தைத் தாண்டிய ஓர் ஆபத்து உண்டு. கோழியின் குடற்புழு முட்டை வழியே பரவும் ஒரு நோய், கோழியை அதிகம் தொல்லை செய்யாமல் வான்கோழியைக் கொன்றுவிடும். எச்சம் கந்தக மஞ்சளாகப் போனால் அன்றே மருத்துவரிடம் போங்கள். முடிந்தால் வான்கோழிக்குத் தனி இடம் ஒதுக்குங்கள் என்பதே என் கருத்து.

வாத்தின் தேவை வேறு மாதிரி. நியாசின் என்னும் பி வகை வைட்டமின் வாத்துக் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். மக்காச்சோளத்தில் அது இருந்தாலும் செரிக்காத வடிவில் இருக்கிறது. கோழித் தீவனத்தையே தின்று வளர்ந்த வாத்துக் குஞ்சு கால் வளைந்து, முட்டி வீங்கி, தவழ்ந்து நடப்பது இதனால்தான். கருவாடும் தவிடும் கொஞ்சம் கூட்டுங்கள், தீவன ஈஸ்ட் கிடைத்தால் சேருங்கள். பாகூர் பக்கம் அறுவடை முடிந்த வயலில் வாத்துக்காரர்கள் மந்தையை இறக்கி மேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நத்தையும் புழுவும் சிந்திய நெல்லும் வாத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் கொடுத்துவிடுகின்றன. நகரத்துக் கொல்லையில் அந்த வயலுக்குப் பதிலாக நிற்பது நீங்கள் வைக்கும் சட்டிதான்.

வாத்துக்கு உலர்ந்த மாவை வைக்கக் கூடாது. அலகில் ஒட்டிப் பசையாகும், தொண்டையில் அடைக்கும். பிசைந்தால் உதிரும் பதத்துக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுங்கள். பக்கத்தில் மூக்குத் துளை நனையும் ஆழத்துக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். நனைத்த தீவனம் நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் நனையுங்கள்.

கடைத் தீவனம் எதையாவது இடையில் வாங்க நேர்ந்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பிராய்லர் குஞ்சுத் தீவனங்களில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மருந்து கலந்திருப்பது வழக்கம். அவற்றில் சாலினோமைசின் வான்கோழிக்கு நஞ்சு. மோனென்சினைக் கினிக்கோழிக்குக் கொடுக்கக் கூடாது. கோழிக்குஞ்சைக் காப்பாற்றுகிற மூட்டையே பக்கத்தில் மேயும் பறவையைக் கொல்லலாம். உறையில் அச்சிட்டிருப்பதை நின்று படித்துவிட்டு வாங்குங்கள்.

மல்லாட்டையும் பூஞ்சணமும்

நம் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக்கும் புதுச்சேரிக்கும் பழைய உறவு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் தென்னார்க்காட்டு மல்லாட்டை இந்தத் துறைமுகம் வழியாகத்தான் மர்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து ரயில் பாதை வந்ததும் அந்த வணிகத்துக்குத் துணையானது. இன்றும் சுற்றுவட்டாரத்தில் செக்குகள் ஓடுகின்றன, கடலைப் பிண்ணாக்கு எளிதாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் மேலே சொன்ன கலவையில் அதை அரை கிலோவோடு நிறுத்தியிருக்கிறேன். காரணம் பூஞ்சணம்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்தன. என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. வாத்துக் குஞ்சுகளும் சாகத் தொடங்கின. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் காரணம் கிடைத்தது. அதில் வளர்ந்திருந்த ஒரு பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு அது. அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஒரு தீவனத்தில் இந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க அன்றைய ஆய்வகங்கள் பயன்படுத்தியது ஒரு நாள் வயதுள்ள வாத்துக் குஞ்சை. அந்த அளவுக்கு அதைத் தாங்க முடியாத உயிர் வாத்து. அடுத்து வான்கோழி. கோழி இவற்றைவிட ஓரளவு தாங்கும். ஆகவே கோழி நன்றாகத்தானே இருக்கிறது என்று பார்த்துக் கலப்புக் கூட்டத்தின் தீவனத்தை மதிப்பிட முடியாது.

இந்திய தர நிர்ணயப்படி கோழித் தீவனத்தில் இந்த நஞ்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம், சில உப்புக்கல் அளவு. கண்ணுக்குத் தெரியாது. பூஞ்சணத்தைத் தட்டிவிட்டாலும் நஞ்சு தங்கும், வெயிலில் காயவைத்தாலும் தங்கும், வேகவைத்தாலும் போகாது. எங்கள் வீட்டில் ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு, ஓரத்தில் லேசாகப் பச்சை பூத்த பிண்ணாக்கைச் சுரண்டிவிட்டுக் கலந்தோம். ஒரே வாரத்தில் ஆறு வாத்துக் குஞ்சுகள் போயின. கோழி ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து வாத்துக் குஞ்சு இருக்கும் மாதங்களில் கடலைப் பிண்ணாக்கை அறவே நிறுத்தி, அந்த அரை கிலோவுக்கும் சோயாவே போடுகிறோம். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

மக்காச்சோளத்திலும் இந்தப் பூஞ்சணம் வரும். பல்லில் கடித்தால் சத்தத்தோடு உடைய வேண்டும். மெத்தென்று அழுந்தினால் ஈரம் இருக்கிறது, வாங்காதீர்கள். கடற்கரை ஊரில் காற்றே ஈரம். அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் மூட்டையைச் சிமென்ட் தரையில் வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும். மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு மேல் கலந்து வைக்காதீர்கள். பேக்கரியில் மிஞ்சிய ரொட்டியை வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. காய்ந்த ரொட்டி கொஞ்சம் போட்டால் தவறில்லை, பூத்த ரொட்டி வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு, எப்படி

நாட்டுக்கோழி ஒன்றுக்கு நாளைக்கு 80 முதல் 100 கிராம், வாத்துக்கு 150 கிராம், கினிக்கு 90, வளர்ந்த வான்கோழிக்கு 250 கிராம் என்று வைத்துக்கொண்டால், முதலில் சொன்ன கொல்லைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கிலோ 100 கிராம் ஆகும். பதினைந்து நாளுக்கு 30 கிலோவை ஒட்டி. மேலே சொன்ன அளவை மூன்றால் பெருக்கினால் போதும். வெளியே மேயப் போகும் பறவைக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு குறையலாம்.

மாவு மிஷினில் தானியத்தைக் கொடுக்கும்போது மாவாக அரைக்க வேண்டாம், ரவையைவிடச் சற்றுப் பெரிதாக உடைத்துக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். உப்பையும் தாதுக் கலவையையும் நேரே குவியலில் கொட்டினால் ஒரு பக்கம் கரிக்கும், மறுபக்கம் ஒன்றுமே இருக்காது. முதலில் அவற்றை ஒரு கிலோ தவிட்டில் பிசறி, பிறகு அதைப் பிண்ணாக்கோடு சேர்த்து, கடைசியில் தானியத்தின் மேல் தூவி, குவியலை நாலைந்து முறை இடம் மாற்றிப் புரட்டுங்கள். கோழி பெரிய துண்டுகளைப் பொறுக்கிவிட்டுத் தூளை விட்டுவிடும். அந்தத் தூளில்தான் தாதுவும் வைட்டமினும் இருக்கின்றன. ஆகவே சட்டி தினம் ஒரு முறையாவது காலியான பிறகே மறுபடி நிரப்புங்கள்.

கீரைக்கு எல்லாப் பறவையும் ஓடிவரும். அகத்தி, முருங்கை இரண்டும் சிறந்தவை. தண்ணீரில் வளரும் அசோலா பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதில் 25 சதவீதம் புரதம் என்று சொல்வது காய்ந்த எடைக்கு. பச்சை அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று, நான்கு பங்கு தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் பத்துப் பதினைந்து கிராம் புரதம்தான் தேறும். பச்சை அகத்தி ஒரு கிலோவில் 80 கிராமுக்கு மேல் உண்டு. அசோலாவை வளருங்கள், வாத்துக்கு அது மிகவும் பிடிக்கும். அதை நம்பிப் பிண்ணாக்கை மட்டும் குறைக்காதீர்கள். மாடியிலேயே அடைபட்டு வளரும் பறவைகளுக்கு, தானியத்தை அரைத்துச் செரிக்கக் கரட்டு மணலும் ஒரு சட்டியில் வேண்டும்.

கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு நல்ல இடங்கள் இருக்கின்றன. குரும்பாப்பேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதே குரும்பாப்பேட்டையில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குத் தனிப் பெருமை உண்டு. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் தொடங்கியது புதுச்சேரியில்தான். தீவன மாதிரியைச் சோதித்துச் சொல்லும் ஆய்வகம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் செயல்படுகிறது.

ஒவ்வொரு முறை கலக்கும்போதும் இரண்டு கைப்பிடி எடுத்துக் காய்ந்த பாட்டிலில் போட்டு, தேதி எழுதி ஒட்டி வையுங்கள். அந்தக் கலவை தீர்ந்து ஒரு மாதம் ஆகும்வரை அதைக் கொட்டாதீர்கள். ஒரு பறவை காரணம் தெரியாமல் செத்தால், உடலோடு அந்தப் பாட்டிலையும் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.